வெள்ளவத்தையில் இடி இடித்தால்

டென்மார்க்கில் வானம் எவ்வளவு குமுறினாலும் ஒருவரும் பிளக்கைக் கழற்றுவதில்லை. வந்த முதல் கோடையிலேயே இதைக் கண்டு திடுக்கிட்டேன். இடி இடிக்கிறது, மனிதர்கள் ரீவி பார்க்கிறார்கள்! கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் முதல் மின்னலுக்கே அம்மா ரீவி, பிரிஜ், அயன் எல்லாவற்றையும் கழற்றி, கண்ணாடிக்குத் துணி போர்த்தி, எங்களையும் கட்டிலில் ஏற்றிவிடுவார். அந்தப் பழக்கத்தை வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு அப்படியே கொண்டுபோனவர் என் அக்கா.

அக்காவின் சாப்பாட்டு மேசைக்குக் கீழேதான் என் பிழைப்பு இருக்கிறது. புறப்படும்போது பயணப் பொதியின் நிறை கூடியதால் விட்டுவந்த கணினி அது. எஸ்எஸ்எச் என்ற பூட்டிய பாதையால் இங்கிருந்து அதற்குள் நுழைவேன். வேலைக்கு வேண்டிய மென்பொருள் முழுவதையும் அங்கே கொன்டெய்னர் என்ற மென்பொருள் பெட்டி ஒன்றுக்குள் அடைத்து வைத்திருக்கிறேன். கையிலுள்ள மடிக்கணினி வெறும் யன்னல். அமைத்த நாளில், வீடியோ கோலில் நான் சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

“கறுப்பாக் கிடக்குது தம்பி, செத்துப்போச்சோ?”

“இல்லை அக்கா, அது அப்பிடித்தான்.”

ஏன் அதில் வேலை செய்கிறாய் என்று கேட்ட மேலாளர் லார்ஸிடம், நல்ல கணினி சும்மா கிடக்கிறதே என்று காரணம் சொன்னேன். உண்மை வேறு. உள்ளே நுழைந்ததும் திரையின் மூலையில் கொழும்பு நேரம் ஓடும். அதைப் பார்க்காமல் எனக்கு வேலை ஓடாது. வெட்கக்கேடுதான், என்ன செய்ய?

கொழும்பில் பின்னேர மழை தொடங்கினால் அக்கா கழற்றிவிடுவார், என் வேலை நின்றுவிடும். “சர்வருக்கு என்ன?” என்று லார்ஸ் கேட்டார். “அக்காவுக்கு இடி என்றால் பயம்,” என்றேன். மனிதரின் முகம் வாடிவிட்டது. மறுநாள், பயத்துக்கு வைத்தியம் செய்யும் ஒருவரின் இலக்கத்தை அக்காவுக்காக அனுப்பிவைத்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. செய்துமுடித்ததை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். சொதப்பினால் வேலை நிரந்தரமாகாது. வேலை போனால் விசாவும் போகும்.

“இண்டைக்கு மட்டும் கழட்டாதேங்கோ அக்கா.”

“இஞ்ச இருட்டிக்கொண்டு வருது தம்பி.”

“கும்பிட்டுக் கேக்கிறன்.”

“சரி, உன்ர பெட்டியையும் ரவுட்டரையும் விடுறன். மற்றதெல்லாம் கழட்டுவன்.”

வீட்டிலிருந்தபடியே காட்டத் தொடங்கினேன். ஒரு தடங்கலும் இல்லை. லார்ஸ் சிரிக்கக்கூடச் செய்தார். அந்த நேரம் பார்த்து என் கூரைக்கு மேலே ஓர் இடி. கை தானாகப் போனது. என் ரவுட்டர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். திரையில் லார்ஸ் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார். அட, மடையா!

கைபேசி அடித்தது. அக்கா.

“தம்பி, இஞ்ச வானம் பிளக்குது. நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு உன்ர பெட்டிக்குக் காவல் இருக்கிறன். லைற் எல்லாம் எரியுது. நல்லாப் போகுதே?”

“ஓம் அக்கா,” என்றேன், பிளக்கைக் கையில் பிடித்தபடி.

லார்ஸ் நல்ல மனிதர். மறுநாள் மீண்டும் காட்ட விட்டார், வேலையும் தப்பியது. கூடவே பழைய இலக்கத்தை மறுபடி அனுப்பியிருந்தார், இம்முறை எனக்காக.

இப்போதும் இங்கே இடித்தால் நான் கழற்றிவிடுவேன். திரையின் மூலையில் கொழும்பு நேரம் அப்படியே நின்றுபோகும். அங்கே அக்கா பயந்து பயந்து அதை ஓடவிட்டிருப்பார்.