மேல்தட்டு நார்த்தங்காய்

என்னைவிடப் பெரிய மடையனை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் அவன் என்னளவுக்குத் தின்றிருக்க மாட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாடகைக்குக் குடிவந்த அன்றே, அடுப்படி மேல்தட்டில் ஒரு பீங்கான் ஜாடியைக் கண்டுபிடித்தேன். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது. வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய், கறுத்து, பாகு போல இளகி. இது யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கரண்டி எங்கே என்றுதான் தேடினேன்.

ஊறுகாய் என்றால் எங்கள் பக்கம் தொட்டுக்கொள்கிற பண்டம். இலையின் ஓரத்தில் அடக்கமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், “ஏலே, அது ஊறுகாயா, குழம்பா?” என்று பந்தியில் மானத்தை வாங்கிவிடுவார்கள். வீட்டில் தனியாள், கேட்க யாருமில்லை. குழம்பாகவே பிசைந்தேன், ஒரு மாதம்.

பிறகு போன் வந்தது. முன்பு குடியிருந்த பெரியவர். இப்போது ராஜபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்.

“தம்பி, மேல்தட்டுல ஒரு ஜாடி இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி.” ஜாடி இருந்தது, பொய்யில்லை.

“எம் பொண்டாட்டி போட்டது. அவ போயி மூணு வருசமாச்சு. தொட்டுத் தொட்டு வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை வாரேன்.”

எட்டிப் பார்த்தேன். இரண்டு பத்தை மிச்சம்.

அன்றிலிருந்து அடுப்படியில் நான் தனியாக இல்லை. சோற்றில் கை வைத்தால், பின்னால் நின்று யாரோ என் விரல்களையே பார்ப்பது போலிருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாசனை போகவில்லை. போட்டவர் போன பிறகும் ஊறிக்கொண்டே இருக்கிற காய் அது. என் கையிலும் ஊறியது. “மதினி, தெரியாம தின்னுட்டேன்” என்று பட்டப்பகலில் சுவரிடம் சொன்னேன். சுவர் வாய் திறக்கவில்லை. ஜாடித் துணியை மட்டும் எப்படிக் கட்டிவைத்தாலும், வந்து பார்க்கும்போது முடிச்சு நெகிழ்ந்திருக்கும்.

இரண்டு பத்தையையும் அவர் கையில் கொடுத்துக் காலில் விழுந்திருக்கலாம். என் மூளை விடுமா? ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி, கடை நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கிவந்து, அந்த இரண்டு பத்தையின் மேலேயே கொட்டிக் குலுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஜாடியை மடியில் வைத்து, துணியை மெல்ல அவிழ்த்தார். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நான் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

“அப்படியே இருக்குல்ல, அண்ணாச்சி?”

“அவ பெருங்காயம் போடமாட்டா.”