அக்காவைப் பற்றி நான் சொன்ன பொய்

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் நீங்கள் இந்த நினைவு மலரை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பீர்கள். ஆகவே இதில் உண்மையை எழுதத் துணிந்தேன்.

அக்கா ஆவூரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனார். அன்று முதல் எனக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டுத்தான் அக்கா திருச்சிக் கல்லூரிக்கு பஸ் ஏறுவார். பின்பு வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். என்ன ஆராய்ச்சி என்று அப்பா கேட்டதற்கு, "ஒரே ஒரு அணுக்கரு எப்ப ஒடையும்னு யாராலயும் சொல்ல முடியாதுப்பா. கோடிக்கணக்குல சேத்து வச்சா எத்தன ஒடையும்னு சொல்லிரலாம். அந்தக் கணக்குதான்" என்றார்.

ஆய்வில் நிரந்தர வேலை அமையவில்லை. அதே கணக்குத் திறமைக்காக மும்பையில் ஒரு பங்குச் சந்தை நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. சந்தை சரிந்தால் எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிடும் பணி. நான்காம் ஆண்டில் நோய் வந்தது. பல நாள் உறங்காமல், அடுத்த சரிவு எந்தத் தேதியில் என்று தமக்குத் தெரிந்துவிட்டதாக எல்லோருக்கும் போன் செய்தார். நான் போய் அழைத்து வந்தேன். இருமுனைக் கோளாறு என்னும் மனநோய் என்றார் மருத்துவர். அக்கா மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுத் தேறினார். வீட்டிலிருந்தே கணினியில் வேலையும் பார்த்தார்.

இதுவரை எழுதக் கை கூசவில்லை. இனிமேல்தான் கூசுகிறது.

என் மகளுக்கு வரன் அமைந்தபோது, அக்கா வெளிநாட்டில் இருக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். அது அக்காவின் காதுக்கு எட்டியது.

"நான் இங்கிட்டு உக்காந்திருக்கையில ஃபாரின்லன்னு சொல்லுவியா? யாரும் கேட்டா மறைக்க மாட்டேன்டா. மாத்திர சாப்புடுறேன், நல்லா இருக்கேன்னு சொல்லுவேன்."

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில், துணி எடுக்கப் போவோம் என்று அவரைக் காரில் ஏற்றித் திருச்சியில் ஒரு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மாத்திரையை நிறுத்திவிட்டார், வீட்டுக் கிணற்றில் குதிக்கப் போனார் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். இரண்டும் பொய். "தம்பி, உண்மையச் சொல்லுடா" என்றார் அக்கா. போனில் பேசுவதுபோல் வெளியே வந்துவிட்டேன். நிச்சயதார்த்தம் சிறப்பாக நடந்தது.

அங்கே அக்கா மனநலப் பராமரிப்புச் சட்டத்தை வாங்கிப் படித்திருக்கிறார். விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டவர் மறுஆய்வு வாரியத்துக்கு மனுச் செய்யலாம் என்று கண்டு, தம் கைப்படவே எழுதி அனுப்பினார். விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்க வாரியத்தினரிடம் அக்கா அனுமதி பெற்றார்.

"நம்ம கெணத்துல தண்ணி இருக்காடா?"

"இல்லக்கா."

"எத்தன வருசமா?"

அது தூர்ந்துபோய் எத்தனையோ வருடம். வாரியத்தின் தலைவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றே அக்காவை அனுப்பச் சொன்னார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. புதுக்கோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். மீண்டும் நோய் முற்றினால் தமக்காக முடிவெடுக்க வேண்டியவர் என்று, மருத்துவமனையில் பழக்கமான ரோஸ்லினின் பெயரைச் சட்டப்படி எழுதிவைத்தார். தம்மைப் போல் அடைக்கப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியபோது தினமும் போய் உட்கார்ந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பேப்பர்ல எம் பேரப் போட்டுக்கக்கா."

"வேணாம்டா. நீ நல்லவன்தான். ஆனா பயந்தா பொய் சொல்லுவ." சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கஞ்சியை வாங்கிக் குடித்தார்.

அடக்கத்தன்று முகம் தெரியாத பலர் வந்தார்கள். அறந்தாங்கிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்மணி, "நீங்க அவுகளுக்கு யாருங்க?" என்று கேட்டார். தம்பி என்றேன். "ஒங்களப் பத்தி ஒரு வார்த்த கொற சொன்னதில்லீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கடைசிவரை அக்காவின் பக்கத்திலிருந்த ரோஸ்லினுக்கும், சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், தோள் கொடுத்துச் சுமந்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. சம்பந்தி வீட்டார் என்னை மன்னிக்க வேண்டும்.

நான் செய்ததை அக்கா ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்லிவிட்டேன்.