ஒரே ஊருக்கு இரண்டு மூப்பன்

அண்ணனின் காதோரமாக மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கட்டிய தலைப்பாகை. துணியைச் சரியாகப் பிழியக்கூட இல்லை. ஊர் எல்லைப் புளியமரத்தடியில் கம்பளி விரித்து அவரை உட்கார வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. உள்ளே, இந்நேரம் இறந்திருப்பார் என்று எல்லோரும் நம்பிய எங்கள் அப்பா, கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரின் மூப்பன் பட்டம் எங்கள் குடும்பத்தில் தலைமகன் வழியாக வருவது. பஞ்சாயத்துத் தேர்தல் வந்த பிறகும் கலியாணத்தில் முதல் தாம்பூலமும் பங்காளிச் சண்டையில் கடைசி வார்த்தையும் மூப்பனுக்குத்தான். இளையவனான நான் வேலை கிடைத்துக் கள்ளக்குறிச்சியில் தங்கிவிட்டேன். வம்சாவளி படிப்பது எனக்கொரு பைத்தியம். ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பம் ஒன்றின் பட்ட வரலாற்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, அட்டை கிழியும்வரை படித்திருக்கிறேன். அதில் ஒருவர் இறந்த தேதியே அடுத்தவர் பட்டம் ஏற்ற தேதி. வாரிசில்லாமல் பட்டம் உறங்கியதுண்டு, மகள் வழியாகப் போனதுண்டு, தாயாதிகள் வழக்காடியதுண்டு. ஒரே பட்டத்தை இருவர் உயிரோடு வைத்திருந்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்து எங்கள் மூப்பன்களுக்கும் ஒரு வரிசை எழுதினேன். தேதி கிடைக்காத இடங்களில் சாமை விளையாத வருஷம், பெருமழை வருஷம் என்று குறித்தேன்.

எங்கள் வழக்கத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. மூப்பன் வெளியூரில் இறந்தால், உடல் எல்லையைத் தாண்டுவதற்குள் அடுத்தவர் தலையில் பாகை ஏறிவிட வேண்டும். மூப்பன் இல்லாத ஊருக்குள் பிணம் வந்தால் இன்னொரு சாவும் கூடவே வரும் என்பார்கள். கட்டிய பாகையைக் கட்டுக் குலையாமல் எடுத்து வைப்பார்கள். அதை அவிழ்ப்பது, கட்டிக்கொண்டவரை அடக்கம் செய்யும்போதுதான்.

அந்த மாசியில் அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இனி மருந்தில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மலையேறினால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். கச்சிராயபாளையத்தில் சிக்னல் போவதற்கு முன் நான் அதை அப்படியே ஊருக்குச் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் கையைப் பிடித்தபடி, இதோடு முடிந்தது, இதோடு முடிந்தது என்று எண்ணிக்கொண்டே போனேன். மேலே குளிர்காற்று பட்டதும் அவருக்கு மூச்சு இளகியது. ஊரிலோ, வண்டி முந்திக்கொண்டால் ஆபத்து என்று பயந்த பங்காளிகள் பாகையை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள்.

மேளம் பாதியில் நின்றது. அண்ணனின் கை தலைக்குப் போனது. பங்காளிப் பெரியப்பா பாய்ந்து அதைப் பிடித்தார்.

"கை வெக்காதடா! அவுத்தா உன் உசுரோடதான் அவுரும்."

"அப்பா உசுரோட இருக்காருங்க பெரியப்பா…"

"அதாண்டா எனக்கும் குலை நடுங்குது."

அப்பா மூக்கிலிருந்த குழாயை விலக்கினார். "இன்னாங்கடா அவசரம்? மேளக்காரனுக்கு வேற ஊர்ல சாவு கீதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஊருக்கு இரண்டு மூப்பன் ஆனால் மண் ஒருவரை எடுத்துக்கொள்ளும், வயது பார்க்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அண்ணனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு படுத்தபடியே கை கூப்பினார்.

"மூப்பனுக்குக் கும்புடுங்க. டிரைவர் தம்பி, வண்டியத் திருப்பு. சின்னவன் வூட்டுக்குப் போலாம்."

அவர் எல்லையைத் தாண்டவேயில்லை. ஆனால் கும்பிட்டதால் பாகை அவிழ்ந்துவிடாது; அவர் உயிரோடு இருக்கும்வரை ஊருக்கு இரண்டு மூப்பன்தான்.

அதன் பிறகு வந்த மாதங்களில், கள்ளக்குறிச்சியில் என் வீட்டிலேயே அப்பா தேறினார். கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்தார், தெருமுனை டீக்கடைவரை நடந்தார். அவர் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் மலையிலிருக்கும் அண்ணனை எங்கோ தள்ளுவதுபோல் எனக்குப் பட்டது. நான் படித்ததெல்லாம் அப்போது உதவவில்லை. அண்ணன் பைக்கைத் தொடுவதை விட்டார், கடுக்காய் பறிக்க மரமேறுவதை விட்டார். காலையில் தவறாமல் போன் வரும்.

"அப்பா எப்படிடா கீறாரு?"

"நல்லா இருக்காருண்ணா."

அதோடு போனை வைத்துவிடுவார். அது நிம்மதியா பீதியா என்று எனக்குப் புரிந்ததேயில்லை. ஒருமுறை அண்ணி போனை வாங்கி, "ராவெல்லாம் முழிச்சிக்கினு குந்திக்கினு இருக்காரு தம்பி. நான் யாருக்குன்னு வேண்டிக்கிறது, சொல்லுங்க" என்று அழுதார்.

அப்பாவும் "பெரியவன் பேசுனானா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் காபியைத் தொடுவார். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "நான் நடக்கறத அவன்கிட்ட சொல்லாதே. படுத்துக்கினே இருக்கேன்னு சொல்லு."

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே அப்பா போய்விட்டார். அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். மழைச் சத்தத்துக்கு நடுவே, மிகச் சின்னக் குரலில், "அப்போ… நான் இல்லியாடா?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் "அப்பா" என்று அலறினார்.

பட்டம் இல்லாத மனிதராக அப்பாவின் உடல் எல்லையைத் தாண்டியது. யாரும் வண்டியை நிறுத்தவில்லை. என் வரிசையில் மாசிமுதல் ஐப்பசிவரை இரண்டு பெயர்களும் ஒன்றாக நிற்கின்றன. எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

அண்ணன்தான் இன்றும் மூப்பன். போன மாதம் ஊருக்குப் போனபோது, இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல் இருமினார். கள்ளக்குறிச்சிக்குப் போய்க் காட்டிவிடலாம் என்று வண்டி கூப்பிடப் போனை எடுத்தேன்.

"வேணாம்டா. கீழ எறங்குனா திரும்பக் கொண்டாருவீங்க. வண்டி வர்றதுக்குள்ள இவனுங்க என் புள்ளய கம்பளில குந்த வெச்சிருவானுங்க."

என் கையிலிருந்த போனை வாங்கி அவரே அணைத்தார்.