தீப்பெட்டியை அவளிடம் கொடுத்தவள்

அந்த அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தீப்பெட்டியை வசந்தாவின் கையில் கொடுத்தேன்.

இந்த இரண்டு வரிகளைச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. நீங்கள் யாரோ எவரோ... என்னை அறியாதவர்கள். அறிந்தவர்களிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். கோழைத்தனம்தான்! அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

வசந்தா என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பியின் மனைவி. கருவடிக்குப்பத்திலிருந்து அவள் எங்கள் குடும்பத்துக்கு வந்து அப்போது மூன்று மாதம். நான் வந்து ஆறு வருடம். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம். மாமனாரும் என் கணவரும் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாடகை வீடு வாடகை வீடாக மாறி அலுத்துப்போன குடும்பம், முதன்முதலாக முதலியார்பேட்டையில் சொந்தமாக ஒரு வீட்டை வாங்கியது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின், அதாவது சிப்பாயின் வீடு அது. மகனோடு பிரான்சுக்கே போய்விடுவதென்று தீர்மானித்து விற்றார்கள். சமையலறையில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பெரிய விறகடுப்பு. அதன் தலைக்கு மேல் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு போகும் சிம்னி. எங்கள் உறவில் எவர் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. என் மாமியாருக்கு அந்த அடுப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே வீடு பிடித்துவிட்டது.

பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டைக் கழுவிவிட நான் தனியாகப் போனேன். சாவியைக் கொடுக்கக் காத்திருந்த சொல்தாவின் மனைவியை அந்தத் தெருவில் எல்லாரும் மதாம் என்றுதான் அழைப்பார்கள். அவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார்.

"பாக்க அழகாத்தான் இருக்கும்மா, ஆனா எரியாது. ஓடு மாத்துனப்போ சிம்னிக்குள்ள இன்னாவோ விழுந்து அடைச்சிக்கிச்சு. புகை பூரா உள்ளதான் திரும்பும். ரெண்டு வருஷமா நாங்க தோட்டத்துலதான் சமைக்கிறோம். இடிச்சிட்டு வேற கட்டிக்கிங்க. உங்க மாமியார்கிட்ட மறக்காம சொல்லிடு."

"சொல்லிடறேன் மதாம்" என்றேன்.

அவர் போனபின் ஒரு தென்னை ஓலையைக் கொளுத்தி அடுப்புக்குள் வைத்துப் பார்த்தேன். புகை மேலே போகவேயில்லை. நேராக என் முகத்துக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பலை வாரி, அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, நான்கு மூலையிலும் கோலம் போட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

ஏன் சொல்லவில்லை? கேட்கிறீர்கள் அல்லவா... நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

நான் வலது கால் எடுத்து வைத்து வந்த வாரத்தில் மாமியாரின் கறவை மாடு செத்துப்போனது. கிழட்டு மாடு! ஆனால் ஆறு வருடமாக அதற்கு நான்தான் காரணம். "இவ வந்த நேரம்" என்று அத்தை தொடங்கினால் மாட்டில்தான் போய் முடியும். அப்படிப்பட்டவரிடம் போய், ஆசைப்பட்டு வாங்கிய வீட்டின் அடுப்பு சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? பால் காய்ச்சும் முன்பே வாய் வைத்துவிட்டாள் என்பார். மூத்த மருமகள்தான் அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்று வேறு சொல்லியிருந்தார். மூன்று கல் வைத்துக் காய்ச்சலாமே என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ராசா மாதிரி அடுப்பு குந்திக்கினு இருக்கறப்போ கல்லு எதுக்குடி?" என்று அடக்கிவிட்டார்.

இதுவரை சொன்னதில் பயம்தான் இருக்கிறது. பயத்தை நீங்கள் மன்னித்துவிடக்கூடும். அதனால்தான் மீதியையும் சொல்லவேண்டியிருக்கிறது.

வசந்தா எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். அவள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு ஒருநாள் அத்தை சொன்னார்: "இவ கை பட்டா வெறுந்தண்ணி கூட மணக்கும்." ஆறு வருடம் அந்த வீட்டுக்குச் சமைத்துக் கொட்டிய நான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அவள் கை... அவள் கை! அந்தச் சொல் என் காதை விட்டுப் போகவேயில்லை.

திங்கட்கிழமை காலை. ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் பால் பொங்கியாக வேண்டும். உறவுக்காரர்கள் சமையலறை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். அதை வாங்கி, எல்லார் காதிலும் விழும்படி நான் சொன்னேன்.

"அத்த, நான் பழைய ஆளு. வசந்தா புதுசா வந்த மகாலட்சுமி. அவளே பத்த வைக்கட்டும்."

கூட்டம் உருகிவிட்டது! "மூத்தவளுக்குப் பெரிய மனசு" என்று மாமனாரே சொன்னார். வசந்தா கண்கலங்கி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் குனிந்தபோது அவள் தலையிலிருந்த மல்லிகை என் புடவையில் உரசியது. அப்போதாவது நான் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கியிருக்கலாம்.

அவள் பற்ற வைத்தாள். விறகு பிடிப்பதுபோல் பிடித்து, உடனே புகைந்தது. ஊதாங்குழலை வைத்து ஊதினாள். புகை திரண்டு கீழே இறங்கியது. ஊத ஊத இன்னும் அடர்ந்தது. உறவினர்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள். "ராவுகாலம் வந்துடப் போவுது, ஊதுடி!" என்று அத்தை கத்தினார். கண் தெரியாமல் குனிந்த வசந்தாவின் முழங்கை, மஞ்சள் பூசிய பால்பானையில் பட்டது. பானை சாய்ந்தது. காயாத பால் முழுவதும் அடுப்பில் கொட்டி, இருந்த கொஞ்சம் நெருப்பையும் அணைத்தது.

வசந்தா முகமெல்லாம் கரியோடு என்னைத்தான் பார்த்தாள்.

அன்று மத்தியானம் தோட்டத்தில் அவள் என்னிடம் மெல்லக் கேட்டாள். "அக்கா, சிம்னி அடைச்சிக்கினு இருக்குமோ? காத்தே மேல போவலக்கா."

பாருங்கள், அவளுக்குப் புரிந்திருந்தது! படிப்படியாக யோசித்து உண்மையின் வாசலுக்கே வந்து நின்றாள். நான் ஒரு தலையசைப்பில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம்.

"அப்படித் தெரியலியே. முந்தாநாளு வரைக்கும் மதாம் அதுலதான் சமைச்சாங்களாம்" என்றேன்.

அவள் தன் கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அதைப்பற்றிக் கேட்கவேயில்லை.

அபசகுனமென்று அந்த அடுப்பை அத்தை அப்புறம் யாரையும் தொடவிடவில்லை; தோட்டத்தில் மூன்று கல் வைத்துத்தான் சமைத்தோம். பத்தாம் நாள் மாமனார் மில்லிலிருந்து திரும்பும்போது சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அது போதாதா! "அன்னைக்கே அடுப்பு சொல்லிடுச்சு. இவ கைதான்..." என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். இனி நல்ல நாள், பெரிய நாளில் வசந்தா அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று உத்தரவானது. அவள் கை பட்ட அடுப்பும் வீட்டில் ஆகாது, இடித்துவிட்டு வேறு கட்ட வேண்டும்.

இடிக்க வந்த கொத்தனார் வயதானவர், வேலை தெரிந்தவர். அத்தை ஆஸ்பத்திரியில் மாமனாரோடு இருந்தார். வசந்தா அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். சிம்னியின் அடிப்பக்கத்தை உடைத்ததும் உள்ளேயிருந்து கூடை கூடையாய்க் கரி கொட்டியது. கூடவே ஓட்டுத் துண்டுகள். ஒரு முழுச் செங்கல். அவர் செங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது குறுக்கால குந்திக்கினு இருந்தா அக்கினி பகவானே வந்து ஊதினாலும் எரியாதும்மா. பெரியம்மா வந்தா காட்டு. பாவம், அந்தச் சின்னப் பொண்ணைப் போயி..."

அத்தை வசந்தாவின் கையைப் பழித்தது அவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. தெருவுக்கே தெரிந்திருந்தது.

"காட்ட வேணாம். பழசைக் கிளறினா சண்டைதான் வரும். அதைப் புது அடுப்புக்கு அடியில போட்டு மூடிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்தச் செங்கல்லை அடித்தளத்தில் வைத்து மேலே சாந்து போட்டார். வேறொரு சிம்னி, நேராக, அடைப்பில்லாமல்...

புது அடுப்பில் நான்தான் பால் காய்ச்சினேன். ஒரே குச்சி. நெருப்பு திகுதிகுவென்று பிடித்தது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "மூத்தவ கை ராசியான கை. எனக்கு இப்பதான் தெரியுது" என்றார். அதன்பிறகு செத்த மாட்டின் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

ஆறு வருடம் நான் ஏங்கிய சொல் அது. எப்படிக் கிடைத்தது பார்த்தீர்களா!

அப்புறம் எட்டுப் பொங்கல். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அடுப்பு பற்ற வைப்பேன்; வசந்தா தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருப்பாள். அரைப்பது, ஆய்வது, கழுவுவது எல்லாம் அவள். நெருப்பு மட்டும் நான். அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். சிரிப்பு குறைந்துபோயிற்று. அதிசயம் என்னவென்றால், அவள் என்மேல் உயிராக இருந்தாள். அன்று தனக்கு விட்டுக்கொடுத்தவள் அல்லவா நான்!

சொல்லிவிடலாம் என்று நினைக்காத நாளில்லை. அத்தை இருக்கும்வரை முடியாது என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். அத்தையும் போய்ச் சேர்ந்தார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, லாஸ்பேட்டையில் கல்லூரி அலுவலகத்தில் வேலையிலிருந்த என் கொழுந்தனார் அங்கேயே ஒரு சின்ன வீடு கட்டினார்.

பால் காய்ச்சும் நாள். இன்று சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வசந்தாவிடம், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்றும் ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் யாரோ வந்தார்கள். "இருங்கக்கா, அப்புறமா" என்று ஓடினாள்.

பளபளவென்று புது கேஸ் அடுப்பு. அவள் பெண்ணுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். "அம்மா, நான் பத்த வைக்கிறேம்மா" என்று தீப்பெட்டியை எடுத்தாள். வசந்தா பதறிப்போய் அந்தச் சின்னக் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"வேணாம்டி! நீ என் வயித்துல பொறந்தவ, உன் கையும் என் கை மாதிரி இருந்துட்டா? பெரியம்மாதான் பத்த வைக்கணும். அவங்க கைதான் ராசி."

தீப்பெட்டி என் கைக்கு வந்தது.

அத்தை இல்லை. பயப்பட யாருமில்லை. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று அவள் அம்மா பார்த்ததுபோலவே. ஒரே ஒரு வாக்கியம் போதும்... ஆனால் கூடியிருந்தவர்கள் எல்லாரும் மரியாதையோடு விலகி எனக்கு வழிவிட்டார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

பற்ற வைத்தேன். கேஸ் அடுப்பு, யார் பற்ற வைத்தாலும் எரியும்! பால் பொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

முதல் டம்ளர் பாலை வசந்தா எனக்குத்தான் கொண்டுவந்தாள். "இன்னாவோ சொல்லணும்னீங்களேக்கா?" என்றாள்.

அவள் பெண் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடி. சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

டம்ளரைக் காலி செய்துதான் கொடுத்தேன்.