கை நீட்டாத மேடத்தின் மேல் ஒரு புகார்

கிராம நிர்வாக அலுவலர் என்றாலே ஊருக்கு இரண்டு வகைதான்: வாங்குகிறவர், இன்னும் வாங்க ஆரம்பிக்காதவர். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அது நான்தான் என்று நிரூபிக்கப் போய் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வசவு வாங்கியவர்களுக்கும், அந்தப் பக்கம் நின்று கால் கடுத்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கோபப்படுவதாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே கோபப்படுங்கள்.

எனக்கு ஊர் ராசிபுரம் பக்கம். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள்; அதில் தேவனூர் நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு நான் மாற்றலாகி வந்த வருஷம், ஊழலுக்கு எதிராகக் கடுமையான சட்டம் வேண்டும் என்று ஒரு மக்கள் இயக்கம் கீழே ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. டி.வி.யைப் போட்டால் அதே விவாதம், டீக்கடைக்குப் போனால் அதே விவாதம். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் நான் உள்ளே நுழைந்தால் போதும், எல்லோருக்கும் திடீரென்று டீ குடிக்கிற ஞாபகம் வந்துவிடும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். இருங்கடா, நான் யார் என்று காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். அங்கே பிடித்தது சனி.

வீட்டுக்குத் திரும்பாத பழம்

மலையில் யாரும் யாரையும் பார்க்க வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஓர் அன்னாசி, ஒரு பிடி மிளகு, ஏதாவது கையில் இருக்கும். நான் வந்த முதல் வாரமே பெரியண்ணன் என்கிற விவசாயி தோளில் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தார். அவர் மகள் சங்கீதாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாசக் கடைசிக்குள் சாதிச் சான்று காட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். விசாரித்து முதல் அறிக்கை அனுப்ப வேண்டியவள் நான். அவர்கள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் மலையிறங்கிப் படிக்கப் போனதில்லை.

முந்தின நாள்தான் டி.வி.யில் இயக்கத்துக்காரர் ஒருவர் "பரிசுப் பொருளும் லஞ்சம்தான்" என்று மேசையைக் குத்திப் பேசியிருந்தார். அது என் காதிலேயே நின்றது. "எடுத்துட்டுப் போங்க, இந்த வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது" என்று ஒரு கத்து கத்தினேன். மனுஷர் அசையவில்லை. ஒருத்தருக்கென்று கொண்டுவந்த பழத்தைத் திருப்பி வீட்டுக்குத் தூக்கிப் போனால் அடுத்த வருஷம் மரம் காய்க்காதாம். பழத்தை வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க வாங்க வேண்டாமுங்க மேடம். அதும்பாட்டுக்கு இங்க கெடக்கட்டும். பழுத்தா அதுவே உங்களைக் கூப்புடுமுங்க."

வளைவுக்கு ஒரு கருத்து

வீட்டுக்குப் போய்த் திரும்பிய திங்கட்கிழமை காலையில், மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸில் எனக்கு ஒரே வேலைதான், கண்ணை மூடி வயிற்றைப் பிடித்துக்கொள்வது. எழுபது வளைவு என்றால் சும்மாவா? அன்றைக்குக் கண்டக்டர்தான் ஆரம்பித்து வைத்தார். லஞ்சம் கொடுத்தவனையும் சேர்த்து உள்ளே தள்ளினால்தான் நாடு உருப்படும் என்றார். மிளகு வியாபாரி ஒருவர், எவனாவது ஆசைப்பட்டா கொடுக்கிறான், வேற வழியில்லாமல் கொடுக்கிறான் என்று எகிறினார். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் கண்டக்டர் கட்சிக்கு ஆள் அதிகம், வலது பக்கம் சாய்ந்தால் வியாபாரி கட்சிக்கு. பாதி வளைவு தாண்டுவதற்குள் பஸ்ஸே சட்டசபை ஆகிவிட்டது.

என் பக்கத்தில் ஆலத்தூர் நாட்டுக்காரம்மா ஒருவர் மடியில் கட்டைப்பையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி வந்தார். எனக்கு எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது, நானும் அது பரிசுப் பொருளா என்று யோசிக்கிற நிலையில் இல்லை. கடைசியில் குரலை உயர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க கண்டக்டரே, குடுத்தவங்களையும் புடிச்சா எங்க மலையே உள்ள போயிருமுங்க. அப்புறம் அங்க இருக்கற ஜெயிலரு கை நீட்டுனா, அவரையும் எங்களையும் எங்கீங்க கொண்டு போயி அடைப்பீங்க?"

போர்டு

பலாப்பழம் மூன்றாம் நாள் கூப்பிடத்தான் செய்தது. எங்கள் தலையாரி பொன்னுசாமிதான் போய்க் கவனித்துக்கொண்டார், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு. ஆபீஸ் முழுக்க அடித்த வாசனையில் யாராவது என்னைத் தப்பாக நினைத்துவிட்டால் என்ன ஆவது? 'இங்கே லஞ்சம் வாங்குவதில்லை' என்று கொட்டை எழுத்தில் ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். பெரக்கரை நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, போர்டுக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு பெரியவர் மட்டும் படம் எடுக்காமல் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "கண்ணு, போர்டு மாட்டறதுக்கு முந்தி இருந்தவருகிட்டக் குடுத்ததெல்லாம் செல்லுமா, இல்ல மறுபடியும் மொதல்ல இருந்து வரோணுமா?"

வாத்தியார் எடுத்த பூ

இயக்கம் மலையேறி வந்தது ஒரு சந்தை நாளில். தலைமை தாங்கியவர் ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். ஒரு மணி நேரம் தொண்டை வற்றப் பேசினார். ஊரே உட்கார்ந்து கேட்டது, தலையை ஆட்டியது. சட்டத்தில் என்னென்ன வேண்டும் என்று எழுதியிருந்த கையெழுத்து நோட்டை நீட்டினால் மட்டும் ஒரு ஆள்கூடப் பேனாவைத் தொடவில்லை. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர்தான் விஷயத்தைச் சொன்னார். ஊர் சேர்ந்து ஒப்புக்கொள்கிற காரியம் என்றால் அம்மனிடம் பூக் கேட்க வேண்டுமாம். கல்யாணமோ, கிணறோ, சட்டமோ, வழக்கம் ஒன்றுதான். வெள்ளை அரளி ஒரு இலைப் பொட்டலத்தில், செவ்வரளி இன்னொன்றில். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் காரியத்தில் குறை இருக்கிறது.

வாத்தியாருக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. அசலூர்க்காரர் கையில் கள்ளம் இருக்காது என்று அவரையே இழுத்துக்கொண்டு போய்ச் சந்நிதியில் நிறுத்திவிட்டார்கள். எடுத்தார். பிரித்தார். சிவப்பு! அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாவம், தன் கணக்கில் தானே தப்புப் போட்ட மாதிரி முழித்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஓரமாக நின்ற எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. "அப்போ வேண்டாம்னு சொல்லுதுங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார். ஊர்க்கவுண்டர் அவர் தோளில் கை வைத்துச் சொன்னார்: "வேண்டாங்கலீங்க வாத்தியாரே. இதுல ஒண்ணு உட்டுப்போச்சுங்குது. என்னன்னு ரோசன பண்ணிக்கிட்டு வாங்க, மறுக்காக் கேட்டுப் பாப்போம்."

நாலு நடை

வாத்தியார் சும்மா போகவில்லை. அதிகாரிகள் தப்பு செய்தால் செல்போனில் படம் பிடியுங்கள் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் கையில் போனைப் பார்த்தாலும் நான் இன்னொரு காகிதம் கேட்க ஆரம்பித்தேன். பெரியண்ணனின் மனுவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தேன். ரேஷன் கார்டு கேட்டேன், கொண்டுவந்தார். நிலத்துப் பட்டா கேட்டேன், கொண்டுவந்தார். வம்சாவளி எழுதி வரச் சொன்னேன், ஏழு தலைமுறைக்கு எழுதி வந்தார். நாலாவது நடைக்கு அவருடைய தாத்தாவின் பள்ளிச் சான்றிதழைக் கேட்டேன். "எந்தாத்தன் காலத்துல இங்க பள்ளிக்கூடமே இல்லீங்களே" என்றார். சரி, அப்போது பள்ளிக்கூடம் இல்லை என்று ஒரு சான்று வாங்கி வாருங்கள் என்றேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொன்னேன்.

மாசம் முடியப் பத்து நாள் இருந்தது. அவர் காகிதங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் பொன்னுசாமியைப் பார்த்து, "எப்படி? ஒரு முட்டைகூட வாங்காமல் எவ்வளவு சுத்தமாக வேலை நடக்கிறது பார்த்தீர்களா?" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவரு பெரிய பையனுக்கு இதே சான்றுதானுங்க மேடம். முந்தி இருந்த சாருக்கு ஒரு கோழிங்க. கொழம்பு கொதிக்கறதுக்குள்ள அறிக்கை போயிருச்சுங்க."

புகார்

ஆறு நாள் மிச்சம் இருக்கும்போது இயக்கம் மறுபடியும் வந்தது. கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்பார்களே என்று நானும் போய் முன்வரிசையில் நின்றேன். எந்த அதிகாரி மேலாவது புகார் உண்டா என்று வாத்தியார் கேட்டார். பெரியண்ணன் எழுந்தார். "மேடம் மேலங்க" என்றார். வாத்தியார் ஆவலாகப் பேனாவைத் திறந்து, "என்ன கேட்டாங்க?" என்றார். "ஒண்ணும் கேக்கலீங்க. குடுத்ததையும் வாங்கலீங்க." "அப்புறம் என்னய்யா புகார்?" பெரியண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "முந்தி இருந்தவரு கெட்டவருதானுங்க. தின்னாரு, செஞ்சாரு. இவங்க தங்கமானவங்க. வாங்கவும் மாட்டேங்கறாங்க, செய்யவும் மாட்டேங்கறாங்க. இன்னும் ஆறு நாளு போச்சுன்னா எம்புள்ள குச்சிக்கெழங்கு புடுங்கத்தான் போவோணும். வாங்கறவனுக்கு ஜெயிலுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. வாங்காமச் சும்மா குந்தியிருக்கறவங்களுக்கு என்னங்க எழுதியிருக்கீங்க?"

வாத்தியார் நோட்டைப் புரட்டினார், மறுபடியும் புரட்டினார். அதற்கு அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். நன்றி கெட்ட மனுஷன், இவனுக்காகவா நான் யோக்கியமாக இருந்தேன் என்று வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால் சங்கீதா நிற்பதைப் பார்த்தேன். அந்த மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

கூட்டத்தில் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். இழுத்தடிப்பதும் குற்றம் என்று சேர் என்றார் ஒருவர், இத்தனை நாளுக்குள் செய்யணும் என்று கெடு போடு என்றார் இன்னொருவர். வாத்தியார் தன் கையாலேயே கடைசியில் ஒரு வரி சேர்த்தார். மறுபடியும் பூக் கேட்டார்கள். இந்த மேடம் கையில்தான் எதுவும் ஒட்டாதே என்று இந்தத் தடவை என்னை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. குலவைச் சத்தம் அடங்குவதற்குள் நோட்டு கை மாறிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றது. நான் பேனாவைத் தேடினேன். ஊர்க்கவுண்டர் நோட்டை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தினார்: "இதுல நீங்க போட வேண்டாமுங்க மேடம். நீங்க போட வேண்டியது வேற ஒண்ணு பாக்கி இருக்குதுங்க."

அடுத்த மேசை

அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கிற பாறையில்தான் டவர் கிடைக்கும். கோயிலிலிருந்து ஆபீஸுக்குப் போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அங்கே ஏறி, மடியில் வைத்து அறிக்கையை எழுதி அனுப்பினேன். ஒரு மாசமாக முடியாத வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது. அதோடு விட்டதா? மலைக்குக் கீழே, சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸில், அடுத்த மேசையில் இரண்டு நாளாகியும் அது நகரவில்லை. போன் போட்டேன். அங்கே இருந்தவர் பெருமையாக, "நான் ஒரு பைசா கை நீட்டறதில்ல மேடம். அதனால எல்லாத்தையும் நிதானமாத்தான் பார்ப்பேன்" என்றார். என் குரலையே யாரோ திருப்பிப் போட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினேன். அவர் எதிரில் பெஞ்சைப் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம். மத்தியானத்துக்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. நாலு மணிக்கு எல்லாம் முடிந்து சான்றிதழ் சங்கீதாவின் கைக்கு வந்தது. அவள் அதை வாங்கி மூன்று தடவை படித்தாள், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் மீதி இருந்தது. அவளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் திரும்பும்போது பஸ்ஸில் பெரியண்ணன் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். பத்தாவது வளைவில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நன்றி சொல்லத்தான் வார்த்தை தேடுகிறார் என்று நானும் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "தப்பா நெனைக்கப்படாதுங்க மேடம். நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா அன்னிக்கே ஒரு கோழி வாங்கியிருந்தீங்கன்னா, எனக்கு ஒரு மாசத் தூக்கம் மிச்சமுங்க."

சட்டம் இன்னும் வந்தபாடில்லை. அதுவரைக்கும் கை நீட்டுகிற அதிகாரியை எப்படியோ நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள், என்னைப் போன்ற நேர்மையானவர்களிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளுங்கள்.