சின்னம்மா மட்டையை ஓங்கினால்

என் சின்னம்மா புனிதா பூப்பந்து மட்டையை ஓங்குவதைப் பார்த்தால் மரம் வெட்டப் போகிறாள் என்றுதான் தோன்றும். கை தோளுக்குப் பின்னால் போய், மட்டை முதுகில் இறங்கி, பிறகுதான் மேலே வரும். கிள்ளானின் பண்டமாரானில், தெருவில் கோடு போட்டு ஆடிப் பழகியவள். துறைமுகப் பக்கமிருந்து ஓயாமல் காற்று வரும். மெல்லத் தட்டினால் பந்து சாக்கடையில் கிடக்கும். அதனால் வந்த ஓங்கல்.

சித்தப்பா கலியமூர்த்தி கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ்காரர். மண்டபத்துக்குள் பழகியவர், மணிக்கட்டாலேயே அடிப்பார். கல்யாணமான நாள் முதல் கலப்பு இரட்டையரில் அவளை வலையோரம் நிறுத்திவிட்டு, பின்பாதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

"நீ ஓங்கி முடிக்கிறதுக்குள்ள ஷா ஆலம் போய்ட்டு வந்துரலாம் லா," என்பார், எல்லார் முன்னாலும்.

"போங்க. அங்கயே இருங்க."

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் கிள்ளானுக்குத் திரும்பியபோது, அவர்கள் பேசிக்கொள்வதே பூப்பந்தைப் பற்றி மட்டும்தான் என்றாகியிருந்தது. அதுவும் ஏச்சு.

அந்த வருஷத்துக் கிளப் போட்டிக்கு முந்தைய வாரம் சாப்பாட்டு மேசையில் சித்தப்பா சொன்னார்: "இந்தத் தடவ தோத்தா இனிமே கிளப்புக்குப் புதுசா வந்திருக்கிற ஷாமினிகூடத்தான் ஆடுவேன். நில்லுன்னா நிப்பா."

சின்னம்மா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "என் தலைக்கு மேல வர்ற பந்து இனிமே எனக்கு. பின்னால வராதீங்க. வந்தா நான் பொறுப்பில்ல."

"பாப்போம்."

அரையிறுதியில் கடைசி செட் சமநிலையில் இருந்தது. எதிரணிக்காரர் பந்தைச் சின்னம்மாவின் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அவள் பின்னால் ஓடினாள்.

"என்னுது," என்று அவள் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"விடு, விடு," என்றபடி சித்தப்பா அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

மட்டை பின்னால் போனது. ஒரு சத்தம். மட்டை நிற்காமல் மேலே ஏறிப் பந்தை அடித்தது. பந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்குள் விழுந்தது.

சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கில் ரத்தம். முன்பல் ஒன்று ஆடியது.

"வேணும்னே அடிச்சிட்டா," என்றார்.

நடுவர் ஓடி வந்தார். "அக்கா, ஒரு சாரி சொல்லிருங்க லா."

"பாயிண்ட் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப எழுதுங்க."

சித்தப்பாவால் தொடர முடியவில்லை. ஆட்டம் எதிரணிக்குப் போனது. பல் கிளினிக்குக்குச் சின்னம்மாதான் காரை ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் அவர் துண்டுக்குள்ளிருந்து, "ஷாமினி. இனிமே ஷாமினிதான்," என்று முனகிக்கொண்டே வந்தார்.

"தாராளமா," என்றாள் சின்னம்மா. "நான் அடுத்த மாசம் சிங்கிள்ஸ்ல பேர் குடுத்துட்டேன். பின்னால வந்து நிக்க ஆள் இருக்காது."

சித்தப்பா துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"எப்ப குடுத்த?"

"காலையில. உங்க பல்லு நல்லா இருக்கும்போதே."