ஆடிட்டுக்குப் பாடம் எடுத்த சுகிர்தா

வெளிநாட்டுக்காரன் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருகிறான் என்றால் போதும், கும்மிடிப்பூண்டியில் இருக்கும் எங்கள் கம்பெனி கல்யாண வீடாகிவிடும். சுவருக்குப் பெயின்ட், கக்கூசுக்கு சோப்பு, எல்லார் கைக்கும் புதுக் கிளவுஸ். அவன் கார் கேட்டைத் தாண்டியதும் கிளவுசைத் திரும்ப வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். நான் திலகவதி, அங்கே கேன்டீனில் சமைக்கிறவள். இந்தக் கூத்தை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

போன வருஷம் ஆடிட்டர் தொழிலாளிகளிடமே நேராகப் பேசுவான் என்று சேதி வந்தது. உடனே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க எங்கள் தெரு நர்சரி டீச்சர் சுகிர்தாவைக் கூப்பிட்டார்கள். அவள் புருஷன் ஸ்டீபன் எங்கள் கம்பெனியில் பிரஸ் மெஷினில் தகடு வைத்து எடுக்கிற கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட், பர்மனென்ட் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆடிட் நல்லபடியா முடியட்டும் மேடம், ஸ்டீபன் பர்மனென்ட்தான்" என்றார் மேனேஜர் வெங்கடேசன். அவளுக்கு அது போதும்.

கேன்டீனில்தான் வகுப்பு. மெஷினுக்குள் கை போனால் அதை நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஆடிட்டர் கேட்டால், ‘இட் ப்ரொடெக்ட்ஸ் அஸ்’ என்று சொல்ல வேண்டும். இவர்கள் ‘ப்ரொடெக்ட்ஸ் வீ’ என்று கத்தினார்கள்.

"காப்பாத்துறது மெஷின். நாம சும்மா நிக்கிறோம். அப்போ வீ இல்ல, அஸ். என்னைன்னா மீ, அவனைன்னா ஹிம், நம்மளைன்னா அஸ்" என்றாள் சுகிர்தா.

"நாங்க சும்மாவா நிக்கிறோம் டீச்சர்?" என்றான் ஸ்டீபனோடு வேலை பார்க்கிற தணிகைவேல். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்தச் சென்சாரைப் போட்டால் வேலை மெதுவாக நடக்கும் என்று அணைத்தே வைத்திருப்பார்கள். ஆடிட் அன்றைக்கு மட்டும்தான் அதற்கு உயிர் வரும். சுகிர்தாவுக்கும் தெரியும், ஸ்டீபன் சொல்லியிருந்தான். தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்தாள். பர்மனென்ட் ஆசை யாரை விட்டது? அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஆடிட்டரிடம் ஸ்டீபன்தான் பிரமாதமாகப் பேசினான். அதை வீடியோ எடுத்தார்கள். மறுநாளே சென்சாரை அணைத்தார்கள். அந்த மாசமே அவனுடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

சுகிர்தா நியாயம் கேட்க வந்தபோது நான் ஆபீசுக்கு டீ கொண்டுபோயிருந்தேன். வெங்கடேசன் செல்போனை அவள் முன்னால் நீட்டினார். ஸ்டீபன் பல்லெல்லாம் தெரிய, "இட் ப்ரொடெக்ட்ஸ் அஸ்" என்கிறான். ஒரு பிசகு இல்லை.

"சென்சார் இருக்குன்னு உங்க ஊட்டுக்காரரே சொல்றாரே மேடம். அவரே அஜாக்கிரதையா கைய உட்டா நாங்க இன்னா பண்றது?"

படுபாவி! அந்த நாக்கு எப்படித்தான் புரண்டதோ. பர்மனென்டும் இல்லை, இருந்த வேலையும் போயிற்று.

இந்த வருஷம் மறுபடி ஆடிட். வெட்கமே இல்லாமல் அவளையே கூப்பிட்டார்கள். போகமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். போர்டில் பெரிதாக இரண்டு வரி எழுதினாள்: இட் கட் ஹிம். தே த்ரூ ஹிம் அவுட். மெஷின் அவனை வெட்டியது, இவர்கள் அவனைத் துரத்தினார்கள்.

"ஆடிட்டர் வந்தா இதைச் சொல்லுங்க" என்றாள். வாசலில் வெங்கடேசன் நின்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கை போன அன்றைக்கு ஸ்டீபனைத் தோளில் போட்டு ஆம்புலன்சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தணிகைவேலின் முன்னால் போய் நின்றாள்.

"கொயந்தைங்க இருக்குது டீச்சர்" என்றான் அவன்.

சாக்பீசை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவளைத் தனியே விட மனசில்லாமல் வீடு வரைக்கும் நானும் போனேன். ஸ்டீபன் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு பாதி மடியில் சிந்தியிருந்தது.

"யாருனா சொல்றேன்னாங்களா?"

"ஒருத்தரும் வாயத் தொறக்கல."

அவன் ஸ்பூனைத் தட்டில் வைத்தான். "உடு சுகி. நானா இருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்."